எந்தக் கிருமியிடம் விஷம்?

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே அந்தமான் நிக்கோபார் வாசகர்களுடையவை. மழை பிடித்துக்கொண்டால் தீவுகளில் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்கிறது. முக்கால்வாசிக் கடிதங்கள் அதைப் பற்றித்தான். அதையே பேசிவிடுவோம்.

கே: என் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருப்பதாகப் படித்தேன். அப்படியானால் நான் தினமும் படுக்கையில் அல்லவா கிடக்க வேண்டும்?
— கல்லூரி மாணவி, ஜங்லிகாட்

ப: கோடிக்கணக்கு என்பது குறைவு. சுமார் 38 லட்சம் கோடி என்கிறது 2016-ல் வந்த ஒரு மதிப்பீடு. உங்கள் உடம்பின் சொந்த உயிரணுக்களும் ஏறக்குறைய அந்த எண்ணிக்கைதான். இந்தக் குடியிருப்பாளர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நீங்கள் தின்ற கீரையின் நாரைப் புளிக்கவைத்துப் பிழைக்கிறார்கள், வைட்டமின் கே செய்து தருகிறார்கள், புதிதாக வரும் கிருமிக்கு இடம் விடாமல் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரைப் படுக்கையில் தள்ள, கிருமியாகப் பிறந்தால் மட்டும் போதாது. கையில் ஆயுதம் வேண்டும். குடலில் அந்த ஆயுதம் பல நேரம் ஒரு புரத நஞ்சு. ஒரே பெயருள்ள இரண்டு பாக்டீரியாக்களில் நஞ்சு செய்யத் தெரிந்தது உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். தெரியாதது ஆயுள் முழுக்க உங்களோடு குடித்தனம் நடத்தும்.

கே: அப்படியானால் ஈ.கோலை நல்லதா, கெட்டதா? தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் அந்தப் பெயரைப் பார்த்துப் பயந்துபோனோம்.
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், டாலிகஞ்ச்

ப: உங்கள் குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் நல்லது. உங்கள் குடிநீரில் இருந்தால், அந்தத் தண்ணீரில் எங்கோ மலம் கலக்கிறது என்று பொருள். பயந்தது சரி, குழாயைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

1885-ல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சைக் குழந்தைகளின் மலத்தில் கண்டு சொன்ன பாக்டீரியா இது. நம் எல்லோர் குடலிலும் இருப்பது. ஆனால் இதே இனத்தில் சில வகைகள் நஞ்சு மரபணுவைப் பெற்றுவிட்டன. ஒரு வகையின் நஞ்சு, காலரா நஞ்சுக்கு நெருங்கிய உறவு. வெளியூர் போன இடத்தில் வரும் பேதிக்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு வகை என்ன செய்யும் என்பதை 2011-ல் ஜெர்மனி பார்த்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டி சாலட்டில் போட்டுத் தின்றவர்களில் 3,800-க்கும் மேற்பட்டோருக்கு நோய். 800-க்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதித்தது, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஈ.கோலை, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு சாதாரணப் பேதி தருகிற சாதியைச் சேர்ந்தது. ஷிகா என்ற கொடிய நஞ்சின் மரபணுவைச் சுமந்த ஒரு வைரஸ் எப்போதோ அதற்குள் புகுந்துவிட்டது. ஒரு மரபணு கூடியதும் பேதிக் கிருமி சிறுநீரகத்தைக் கொல்லும் கிருமி ஆனது. வெந்தயத்தின் மேல் பழி இல்லை; முளைகட்டியதைப் பச்சையாகத் தின்னாமல் ஒரு கொதி காட்டித் தின்னுங்கள்.

கே: 2002-ல் நன்கவுரித் தீவுகளில் வாந்திபேதி வந்ததாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மைதானா?
— இளைஞர், கமோர்ட்டா

ப: உண்மை. அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. நிக்கோபாரிகள் வாழும் 3 தீவுகளில், குடியிருப்புள்ள 45 ஊர்களில் 16-ல் பரவியது. தாக்கிய விகிதம் 100-க்கு 12 பேருக்கு மேல். போர்ட் பிளேயரில், அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்தில், இருக்கும் ஐ.சி.எம்.ஆர். மண்டல மருத்துவ ஆய்வு மையத்தார் ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் மலத்தில் இருந்தது காலராக் கிருமியான விப்ரியோ காலரே, ஓ1 வகை, எல் டோர் பிரிவு. அவர்களுடைய கட்டுரை 2004 டிசம்பரில் வெளிவந்தது. அதே மாதம் 26-ம் தேதி அந்தத் தீவுகளையே சுனாமி அடித்துப் போட்டது.

அந்தக் கணக்கில் என் கண் போய் நிற்கும் இடம் வேறு. நோயுற்றவர்களில் இறந்தவர்கள் 100-க்கு ஒருவர் என்ற அளவை ஒட்டித்தான். கடும் காலராவைக் கவனிக்காமல் விட்டால் பாதிப்பேர் போய்விடுவார்கள். படகை விட்டால் வழியில்லாத ஊர்களில் உயிர்ச்சேதத்தை அந்த அளவில் நிறுத்தியது சாதாரண வேலை இல்லை. அங்கே உப்புநீர் பாட்டிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சுமந்து வீடு வீடாகப் போன சுகாதாரப் பணியாளர்களை உங்கள் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் வராது.

கே: ஒரே நாளில் ஆளை முடிக்கும் அளவுக்குக் காலரா விஷம் என்ன செய்கிறது? குடலை அரித்துவிடுமா?
— ஆசிரியை, ரங்கத்

ப: அரிக்கவே அரிக்காது. காலரா நோயாளியின் குடல் சுவரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய முழுசாக இருக்கும். கிருமி சதைக்குள் நுழைவதும் இல்லை. சிறுகுடலின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு நஞ்சை மட்டும் அனுப்புகிறது.

அந்த நஞ்சில் 6 துண்டுகள். 5 துண்டுகள் வளையமாகச் சேர்ந்து குடல் உயிரணுவின் தோலில் உள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது துண்டு உள்ளே போகிறது. உள்ளே ஒரு புரதம் இருக்கிறது. தேவைப்படும்போது இயங்கி, வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடுவது அதன் குணம். நஞ்சு அதன்மேல் ஒரு வேதிப்பொருளை ஒட்டிவிடுகிறது. அதன்பிறகு அதற்கு அணையத் தெரியாது. குழாயைத் திறந்துவிட்டுக் கைப்பிடியை உடைத்துப் போட்ட கதை. உயிரணு தன் குளோரைடைக் குடலுக்குள் கொட்டுகிறது, பின்னாலேயே சோடியம் போகிறது, அதன் பின்னால் தண்ணீர். மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறும்.

அதனால்தான் காலராவில் காய்ச்சல் பெரிதாக இராது, வயிற்றுவலியும் அவ்வளவாக இராது. அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் போய்க்கொண்டே இருக்கும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கண் உள்ளே போகும், விரல் நுனி சுருங்கும், குரல் கம்மும், மணிக்கட்டில் நாடி தேடினால் கிடைக்காது. இரத்தத்தில் நீர் வற்றியதன் அடையாளங்கள் இவை. மனிதன் சாவது கிருமி தின்றதால் இல்லை, தண்ணீரும் உப்பும் போனதால். இதைப் புரிந்துகொண்டவர்கள் வைத்தியத்தையே மாற்றினார்கள்; கீழே வருகிறேன்.

கிருமிக்கு இதில் என்ன லாபம் என்று உங்கள் மாணவர்கள் கேட்பார்கள். பேதியோடு கோடிக்கணக்கில் வெளியேறி அடுத்த கிணற்றுக்குப் போகிறது. அதன் போக்குவரத்துச் செலவை நம் உடம்பு கொடுக்கிறது.

கே: இதையெல்லாம் கண்டுபிடித்தது வெள்ளைக்காரர்தானே? நம்மவர் யாராவது உண்டா?
— ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர், ஹேடோ

ப: உண்டு, அவர் பெயர் உங்கள் பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். சம்பு நாத் தே. 1915-ல் வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர், கல்கத்தாவில் நோய்க்குறியியல் பேராசிரியர்.

ராபர்ட் கோக் 1884-ல் அதே கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தபோதே, இது ஏதோ விஷத்தால்தான் கொல்கிறது என்று ஊகித்தார். அந்த விஷத்தை யாராலும் காட்ட முடியவில்லை. ஓர் ஆண்டு இரண்டாண்டு இல்லை, 75 ஆண்டுகள். எல்லோரும் கிருமிச் சாற்றை விலங்கின் இரத்தத்திலும் வயிற்று அறையிலும் ஏற்றிப் பார்த்தார்கள். நோய் குடலின் உட்பக்கத்தில் அல்லவா நடக்கிறது, அங்கே வைத்துப் பார்த்தால் என்ன என்று தே யோசித்தார்.

செய்தது இவ்வளவுதான். மயக்கிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் விரல் நீளத் துண்டொன்றின் இரு முனையையும் நூலால் கட்டினார். துண்டை வெட்டி எடுக்கவில்லை. இரத்த ஓட்டம் அப்படியே இருந்தது. ஊசியால் அதற்குள் காலராக் கிருமி வளர்த்த திரவத்தை ஏற்றினார். பக்கத்திலேயே இன்னொரு துண்டைக் கட்டி, கிருமி இல்லாத திரவத்தை விட்டார். மறுநாள் திறந்தால் முதல் துண்டு நீர் கோத்து உப்பிப் புடைத்திருக்கிறது, இரண்டாவது வெறுமனே சுருங்கிக் கிடக்கிறது. இது 1953-ல் வெளியானது. அடுத்த கேள்வி, இதைச் செய்தது கிருமியா, அது கக்கியதா? திரவத்தை வடிகட்டிக் கிருமியை முழுக்க நீக்கிவிட்டு, வடிநீரை மட்டும் ஏற்றினார். அப்போதும் குடல் உப்பியது. 1959-ல் நேச்சர் இதழில் வந்தது அந்தக் கட்டுரை. முயல், நூல், ஊசி, ஒரு வடிகட்டி: இவ்வளவை வைத்துக்கொண்டு உலகத்தின் எல்லா ஆய்வுக்கூடங்களையும் அவர் முந்தினார்.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தேயின் பெயரை நோபலுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்ததாக எழுதியிருக்கிறார். 1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். 1985-ல் இறந்தார். உயிரோடு இருந்தபோது சொந்த நாட்டு அறிவியல் உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இன்றைக்கும் இது ஆறாத விஷயம்.

கே: காலராக் கிருமி கடல்நீரிலேயே இருக்குமாமே. ஹேவ்லாக் கடற்கரையில் குளிக்க வருகிறவர்களை என்ன சொல்லி அனுப்புவது?
— விடுதி நடத்துபவர், ஸ்வராஜ் தீவு

ப: நன்றாகக் குளிக்கச் சொல்லுங்கள், காலில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் வேண்டாம், வேறு சில விப்ரியோக்கள் காயம் வழியே நுழையும். நத்தை, சிப்பியைப் பச்சையாகப் பரிமாறாதீர்கள்.

விப்ரியோ காலரே கழிமுகத்து உப்பங்கழிகளில் மிதவை உயிர்களோடு ஒட்டி வாழும் பழைய குடி. 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கொள்ளைநோய் உண்டாக்கியவை இரண்டே வகை: ஓ1, ஓ139. மற்றவற்றில் பெரும்பாலானவற்றிடம் காலரா நஞ்சு இல்லை. ஏன் இல்லை என்பதற்கு 1996-ல் அமெரிக்காவில் வால்டரும் மெக்கலனோஸும் விடை சொன்னார்கள். நஞ்சின் மரபணு கிருமியின் பரம்பரைச் சொத்தே கிடையாது. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைச் சுமந்துகொண்டு வந்து போட்டது. அந்த வைரஸ் நுழைவதற்குக் கிருமியின் மேல் ஒருவகை நுண்மயிர் வேண்டும். குடல் சுவரில் ஒட்டிக் குடியேற அந்தக் கிருமிக்கு உதவுவதும் அதே நுண்மயிர்தான். குடியேறத் தெரிந்த கிருமிக்கே விஷமும் கிடைக்கிறது என்றால் இயற்கையின் கணக்கு எவ்வளவு கொடியது பாருங்கள்.

ஓ139 முதலில் தலைகாட்டிய இடம் நம் சென்னை, 1992-ல். ஓ1 மட்டுமே கொள்ளைநோய் தரும் என்று அதுவரை எழுதி வைத்திருந்த புத்தகங்களை அன்றைக்குத் திருத்த வேண்டியதாயிற்று.

கே: பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
— இளம் தாய், மாயாபந்தர்

ப: கொடுத்தே ஆக வேண்டும். அத்தையிடம் சண்டை வேண்டாம், இதைப் படித்துக் காட்டுங்கள்.

நஞ்சு உப்பை வெளியே தள்ளுகிறது என்று மேலே சொன்னேன். ஆனால் குடல் உயிரணுவில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று தனியாக இருக்கிறது. நஞ்சு அதைத் தொடுவதே இல்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது, வெறும் உப்பு கொடுத்தால் ஏறாது. உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் சேர்த்துக் கொடுத்தால் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உள்ளே ஏறும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, போங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா மூன்றையும் கல்கத்தாவில் பொட்டலம் கட்டி வரவழைத்து, தண்ணீரில் கரைத்து டிரம்மில் ஊற்றி, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் கொடுக்க வைத்தார். முகாமில் 100-க்கு 30 என்று இருந்த சாவு, இந்தக் கரைசல் கொடுத்தவர்களிடம் 4-க்கும் கீழே வந்தது. 2022-ல் மறைந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

உங்கள் கையில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த டிரம்மின் வாரிசு. பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஒரே தடவையில் கரையுங்கள். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண்ணளவில் பிரிக்காதீர்கள், உப்பு கூடினால் ஆபத்து. ஒவ்வொரு தடவை போனபிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 10 வயதுவரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூனால் சிறுகச் சிறுக. தாய்ப்பால் நிறுத்தக் கூடாது, சோறும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் கிடைக்கும்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்ற பிறகும் முடிக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டரில் 6 தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் பழ ருசி பானம் இதற்கு மாற்று ஆகாது. அதில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு, பேதியைக் கூட்டும். அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

கே: இளநீர் போதாதா? எங்களுக்கு அதற்கா பஞ்சம்!
— தோட்டக்காரர், கச்சால்

ப: இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். பேதியில் அதிகம் போவது சோடியம். ஓ.ஆர்.எஸ்.ஸோடு கூட இளநீரும் குடியுங்கள், அதற்குப் பதிலாக வேண்டாம்.

கே: பேதி தொடங்கினால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்துவிடுவேன். நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?
— ஆட்டோ ஓட்டுநர், ப்ரோத்ராபூர்

ப: அண்ணே, பெரும்பாலான பேதி இரண்டு மூன்று நாளில் தானே நிற்கும். நின்ற பெருமையை மாத்திரை வாங்கிக்கொள்கிறது.

ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே கக்கிய நஞ்சைத் தொடாது. பேதி வைரஸால் வந்திருந்தால் எதையும் தொடாது. ஷிகா நஞ்சு வைத்திருக்கும் ஈ.கோலையாக இருந்தால் சில ஆன்டிபயாட்டிக் நிலைமையை மோசமாக்கும். சாகும் அவசரத்தில் கிருமிக்குள் தூங்கும் வைரஸ் விழித்து, நஞ்சை இன்னும் அள்ளிக் கொட்டும். குடலில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களை மருந்து காலி செய்துவிட்டால் அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற ஒன்று பெருகும். அதனிடம் இரண்டு நஞ்சு. பெருங்குடலையே புண்ணாக்கிவிடும். மருந்து கொடுத்து வரவழைத்த நோய் அது.

இதைவிட எனக்குக் கவலை ஷிகெல்லா. இரத்தமும் சளியுமாகப் போகிற சீதபேதிக் கிருமி, உண்மையிலேயே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் கிருமி. 1897-ல் ஜப்பானில் பெரும் கொள்ளைநோயின்போது கியோஷி ஷிகா கண்டுபிடித்தது. அவர் கண்ட முதல் வகையிடம்தான் ஷிகா நஞ்சு. உயிரணுவுக்குள் புரதம் செய்யும் எந்திரத்தையே அது முடக்கும். இன்று நம்மிடையே அதிகம் உள்ள மற்ற ஷிகெல்லா வகைகள் குடல் சதைக்குள் புகுந்து புண்ணாக்குகின்றன. உங்கள் ஊர் ஆய்வு மையத்தார் அந்தமானின் ஷிகெல்லாவைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் கிடைத்தவற்றையும் அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் கிடைத்தவற்றையும் ஒப்பிட்டால், வேலை செய்யாத மருந்துகளின் பட்டியல் மளமளவென்று நீண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் சேர்த்தது தேவையில்லாமல் விழுங்கிய மாத்திரைகள். நாளை உங்கள் குழந்தைக்கு இரத்தபேதி வந்தால் டாக்டர் எதை எழுதுவார்?

கடும் காலராவுக்கு டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் கொடுப்பதுண்டு. பேதியின் நாட்களைக் குறைக்கும். அது டாக்டர் பார்த்துக் கொடுப்பது. இரத்தம் போனால் பேதியைக் கட்டும் மாத்திரை வேண்டவே வேண்டாம், நஞ்சை உள்ளேயே அடைத்துவைத்தது ஆகிவிடும்.

கே: சென்னையிலிருந்து கப்பலில் வரும்போது கட்டிவந்த தேங்காய்ச் சாதத்தை மறுநாள் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணித்தான் தின்றோம். இரண்டு மணி நேரத்தில் எல்லோருக்கும் வாந்தி. கிருமி சூட்டில் செத்திருக்க வேண்டுமே?
— குடும்பத்தலைவி, கராச்சாரமா

ப: கிருமி செத்திருக்கும். நஞ்சு சாகவில்லை.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைகள் இருக்கும். சோறு வேகும் சூட்டையும் தாங்கும். வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி வாந்தி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. உங்கள் கப்பல் கேன்டீன் அடுப்பு எந்த மூலை? தின்ற சில மணி நேரத்துக்குள் வாந்தி என்பதே அடையாளம்: நஞ்சு முன்பே தயாராக இருந்தது, கிருமி வயிற்றில் வளரக் காத்திருக்கவில்லை. பால் இனிப்பிலும் கிரீம் கேக்கிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இதே வேலை செய்யும். ஒரு நாளில் சரியாகிவிடும், உப்பும் நீரும் கொடுத்தால் போதும்.

கப்பல் பயணம் மூன்று நாள். முதல் வேளைக்கு மட்டும் சாதம் கட்டுங்கள், மீதிக்கு அவல், முறுக்கு, பழம். பழைய சோற்றைப் பற்றி அடுத்துக் கேட்பீர்கள்: தண்ணீரில் ஊறிப் புளித்து அமிலம் ஏறிய சோற்றில் இந்தக் கிருமி சிரமப்படும். மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

கே: சூரை மீன் குழம்பு சாப்பிட்டதும் முகம் சிவந்து தலை வெடித்தது. மீன் ஒவ்வாமையா?
— மீனவர், வண்டூர்

ப: அடுத்த தடவை நல்ல மீன் தின்று ஒன்றும் ஆகாவிட்டால் ஒவ்வாமை இல்லை. சூரையின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். மீனின் குடலிலும் செவுளிலும் இருக்கும் பாக்டீரியா, மீன் செத்து வெயிலில் கிடந்தால் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எவ்வளவு கொதித்தாலும் போகாது, மணத்திலும் தெரியாது. தூண்டிலில் ஏறிய உடனே குடலை எடுத்து ஐஸில் போடுங்கள். கரைக்கு வந்தபின் போட்ட ஐஸ் தாமதம்.

கே: சுனாமிக்குப் பிறகு கார் நிக்கோபார் நிவாரண முகாமில் குழந்தைகளுக்கு வந்த பேதியும் காலராதானா?
— சமூகப் பணியாளர், கார் நிக்கோபார்

ப: எல்லோரும் காலராவை எதிர்பார்த்திருந்தபோது, அங்கே ஒரு முகாமில் ஆய்வு மையத்தார் கண்டது ரோட்டா வைரஸ். வைரஸ்கூட நஞ்சு செய்யும் என்று 1996-லேயே தெரிந்தது: ரோட்டாவின் ஒரு புரதமே குடல் நீரைக் கொட்டவைக்கிறது. ஆளே வேறு என்றாலும் வைத்தியம் அதே உப்பு, சர்க்கரை, தண்ணீர். இன்று அரசுத் தடுப்பூசித் திட்டத்திலேயே ரோட்டா சொட்டு மருந்து இருக்கிறது. 6, 10, 14-ம் வாரங்களில் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

கே: குடல் பாக்டீரியாவால் புற்றுநோய் வருமா?
— வாசகர், டிக்லிபூர்

ப: ஈ.கோலையின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. அது நம் டி.என்.ஏ.வையே சேதப்படுத்தும். அந்தச் சேதத்தின் தனித் தடயத்தைப் பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் 2020-ல் கண்டார்கள். 50 வயதுக்குள் வரும் கட்டிகளில் அது கூடுதலாக இருப்பதாக 2025-ல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. தடயம் இருக்கிறது, குற்றம் முழுக்க நிரூபணமாக இன்னும் வேலை பாக்கி. இதற்காக மருந்து எதையும் வாங்கித் தின்ன வேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள், வயது 30 ஆனாலும்.

கே: எங்கள் தீவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகு பிடிக்க வேண்டும். பேதிக் குழந்தையோடு எந்த நிலையில் கிளம்புவது?
— அங்கன்வாடிப் பணியாளர், சௌரா

ப: வயிற்றுத் தோலைக் கிள்ளி விடுங்கள். சட்டென்று படியாமல் மெதுவாகப் படிந்தால் நீர் குறைந்துவிட்டது. 2 வினாடிக்கு மேல் மடிப்பு நின்றால் உடனே கிளம்புங்கள். உச்சிக்குழி உள்ளே போயிருந்தாலும், கண்ணீர் இல்லாமல் அழுதாலும், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றாலும், குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் இரத்தம் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கரைசலைக் கலந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். படகிலும் ஸ்பூன் நிற்கக் கூடாது.

கே: மழைவெள்ளம் எங்கள் உறைக்கிணற்றில் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்.
— பஞ்சாயத்து உறுப்பினர், லிட்டில் அந்தமான்

ப: முதலில் கலங்கல் நீரை இறைத்துக் கொட்டுங்கள், சேற்று நீரில் குளோரின் வீணாகும். தெளிந்த நீர் ஊறியதும் அளந்து பாருங்கள். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். ஒரு மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 2,355 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 6 கிராம் நல்ல பவுடர். வாளியில் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிய 10 நிமிடம் விடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இரவில் போட்டுக் காலையில் இறைப்பது நல்லது. பவுடர் மூட்டையை வாய் திறந்து வைத்திருந்தால் உங்கள் ஊர் ஈரக்காற்றில் குளோரின் போய்விட்டிருக்கும். மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடரைப் போடாதீர்கள், புது மூட்டை கேளுங்கள்.